சூட்கேஸில் வந்த ஹெட்லைட்

1

இந்த ஊர்க்காரர்கள் எனக்கு விளக்கு அடித்து வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்தே பாதிக் குளிர்காலத்தை ஓட்டிவிட்டேன்.

சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டில் ஏறினால் போதும். எதிரே வருகிற கார் ஒவ்வொன்றும் என்னைக் கண்டதும் பளிச்சென்று ஹெட்லைட்டைப் போட்டு அணைக்கும். நான் சும்மா இருப்பேனா? கையைத் தூக்கி ஆட்டுவேன். தெரிந்த வண்டி மாதிரி இருந்தால் திருப்பி ஒரு பளிச் அடிப்பேன். எனக்கு இதில் ஆச்சரியமும் இல்லை. பச்சை நிறத்தில் பழைய பிக்கப், பின்னால் கீரைக்கட்டு, உள்ளே மூக்குத்தி போட்ட எழுபதைத் தாண்டிய ஒருத்தி. இந்தப் பள்ளத்தாக்கில் என்னைத் தெரியாதவர் யார் என்று ஒரு மிதப்பு.

அந்த மிதப்புக்குக் காரணம் இருக்கிறது. நான் வசந்தா. சித்தூர் ஜில்லா நகரிக்காரி. மேற்குக் கனடாவில் ஓர் ஆற்றங்கரை ஊரில் நாற்பது வருஷமாக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு, பின்பக்க நிலத்தில் கண்ணாடிக் கூடாரம் போட்டு முளைக்கீரை, வெந்தயக்கீரை, முள்ளங்கி போடுகிறேன். சனிக்கிழமைச் சந்தைக்கும் கோயில் சமையல்கட்டுக்கும் என் கீரைதான். உறைபனி கொட்டுகிற ஊரில் முளைக்கீரை விளைவிக்கிறேன் என்றால் கொஞ்சம் மிதப்பு இருக்கத்தான் செய்யும்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஜப்பானில் ஓடி, வயசாகி, கப்பலேறி இங்கே வந்த வண்டி. அங்கே நம்மூர் மாதிரியே இடது பக்கமாகப் போகிறவர்கள் என்பதால் ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கும். இங்கே எல்லோருக்கும் இடது பக்கம். அதனால் யாரும் வாங்காமல் ஒரு ஷெட்டில் கிடந்தது. பார்த்த அன்றே வாங்கிவிட்டேன். என் மகன் முரளி தலையில் அடித்துக்கொண்டான். நான் ஏன் அதை வாங்கினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போன இலையுதிர்காலத்தில் லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல் ஒன்று ஒரு ஹெட்லைட்டை உடைத்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து என் தம்பி முனிரத்தினம் இங்கே வரப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். போனில் கேட்டான். "இன்னாக்கா எட்த்துக்கினு வர்றது? ஊறுகாயா, அப்பளமா?"

"வட்டமா ஏழு அங்குல ஹெட்லைட்டு ரெண்டு எட்த்துக்கினு வாடா" என்றேன்.

அவன் அசரவில்லை. சித்தூரில் ஒரு கடையில் அளவு சொல்லி வாங்கி, வேட்டியில் சுற்றி, முறுக்கு டப்பாவுக்கும் திருப்பதி லட்டுக்கும் நடுவில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்து சேர்த்தான். விமான நிலையத்தில் சுங்கக்காரர் லட்டை விட்டுவிட்டு லைட்டைத்தான் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். மாட்டினால் அளவெடுத்துச் செய்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தம்பியையே முதல் சவாரி கூட்டிப்போனேன். அன்றைக்கே எதிர்க்கார்கள் வணக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டன.

"உனக்கு இங்க நல்ல மரியாதை கீதுக்கா" என்றான் முனிரத்தினம்.

2

தை மாதம் ஒருநாள் சாயங்காலம் எனக்குப் பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. ஓரங்கட்டினேன். வந்தது ஒரு போலீஸ்காரப் பெண், முரளியைவிடச் சின்னவள். வழக்கப்படி இடது ஜன்னலுக்குப் போய்க் குனிந்தாள். அங்கே பெல்ட் போட்டுக்கொண்டு ஒரு பெரிய பரங்கிக்காய் உட்கார்ந்திருந்தது. பெல்ட் போடாவிட்டால் திருப்பத்தில் உருண்டுவிடும். அவள் பரங்கிக்காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

ஹெட்லைட்டை ஏன் உயரப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறீர்கள், எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசுகிறது, ஒருவர் இரண்டு பேர் இல்லை, பலர் புகார் சொல்லியிருக்கிறார்கள் என்றாள்.

"இல்லையே, டிப்பில்தான் வைத்திருக்கிறேன்" என்றேன் இங்கிலீஷில். நம்மூர் டிரைவர்கள் தாழ்ந்த வெளிச்சத்துக்குச் சொல்கிற 'டிப்' இங்கே யாருக்கும் தெரியாது. இங்கே டிப் என்றால் உருளைக்கிழங்கு வறுவலைத் தொட்டுத் தின்கிற சட்னி. அவள் மறுபடியும் பரங்கிக்காயைப் பார்த்தாள்.

மரியாதையாகத்தான் பேசினாள். விளக்கைச் சரிசெய்து சோதனை நிலையத்தில் காட்ட வேண்டும், அதுவரை இருட்டில் ஓட்டக் கூடாது என்று ஒரு சீட்டு கொடுத்தாள். போகும்போது, ஒரு தடவை கண் டாக்டரையும் பார்த்துவிடுங்களேன் என்றாள். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் சீட்டைவிட அந்த ஒரு வார்த்தைதான் என்னைச் சுட்டது.

இத்தனை நாள் விழுந்ததெல்லாம் வணக்கம் இல்லை, வசவு! நானோ கை ஆட்டிக்கொண்டு போயிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு பயம் வந்தது.

விஷயம் முரளி காதுக்குப் போயிற்று. அவன் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறான். நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான், எங்களுக்குள் நாற்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு. அன்றைக்கு மட்டும் தமிழில் ஆரம்பித்தான். அவன் தமிழில் ஆரம்பித்தாலே ஏதோ முடிவு பண்ணிவிட்டான் என்று பொருள்.

"அம்மா, போதும்மா. நீ ஹை பீம் போட்டுட்டு மறந்துடறே. அது தப்பில்லே, ஏஜ்தான். வண்டிய குடுத்துடலாம். நான் வாரம் ஒரு நாள் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"நான் மறக்கலடா."

"மறந்தவங்களுக்கு மறந்தது தெரியாதும்மா."

போன மாதம் அடுப்பில் பால் வைத்துப் பாத்திரம் கருகியது உண்மை. அது அவனுக்கும் தெரியும். இங்கே குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். இருட்டில் ஓட்டாதே என்றால் வீட்டில் உட்கார் என்று அர்த்தம். வண்டி போனால் சந்தை போச்சு, கோயில் போச்சு, கீரை போச்சு. மகன் எப்போது வருவான் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற கிழவிகள் இந்தத் தெருவில் இருக்கிறார்கள். அந்த வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி போடப் பார்க்கிறான் என் மகன், அதுவும் பாசத்தோடு.

மறுநாள் பகலில் உதிரிபாகக் கடைக்குப் போனேன். பல்புதான் அதிக வெளிச்சம் போலிருக்கிறது, மாற்றிவிடலாம் என்று. கடைப் பையன் வண்டியின் வருஷம், பெயர், மாடல் எல்லாம் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினான். அப்படி ஒரு வண்டி கிடையாது என்றான்.

"வாசலில் நிற்கிறது" என்றேன்.

எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடியும் தட்டினான். கிடையாது என்றான். இந்த நாட்டில் அந்த மாடல் விற்கவே இல்லை, விற்காத வண்டிக்குப் பல்பு நம்பர் இருக்காது. எனக்குக் கோபம் வரவில்லை. எல்லை பிரித்த காலத்து நகரிக்காரிக்கு, கண்ணெதிரே இருப்பதைக் காகிதத்தில் இல்லை என்று சொல்வதெல்லாம் புதிதா என்ன?

நம்மூர் வழக்கப்படி பழைய பல்பைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போயிருந்தேன். இதே மாதிரி கொடு, வெளிச்சம் குறைந்ததாகக் கொடு என்று காட்டினேன். தேடி எடுத்துக் கொடுத்தான். மாட்டிக்கொண்டு, இருட்டுவதற்குச் சற்று முன் தெருமுனை வரை போனேன். எதிரே வந்த முதல் கார் பளிச்சென்று அடித்தது. வேறொரு கடையில் இன்னொரு ஜோடி வாங்கி மாட்டினேன். அதற்கும் பளிச்.

அன்றிலிருந்து என்னையே நான் வேவு பார்க்க ஆரம்பித்தேன். ஹை பீம் போட்டால் மீட்டர் பக்கத்தில் நீலப் புள்ளி எரியும். வண்டியில் ஏறியதும் அதைப் பார்ப்பேன். எரியவில்லை. கண்ணை மூடித் திறந்து பார்ப்பேன். எரியவில்லை. ஆனாலும் எதிரே அடிக்கிறார்கள். எரிகிற புள்ளி என் கண்ணுக்குத்தான் தெரியவில்லையோ என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது. வாழ்க்கையில் பல தடவை பயந்திருக்கிறேன், ஆனால் என் புத்தியைக் கண்டு நானே பயந்தது அதுதான் முதல் தடவை.

3

எங்கள் நைனாவிடம், அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு வேன் இருந்தது. உலக யுத்தத்துக்கு வந்த அமெரிக்காக்காரர்கள் விட்டுப்போன பிக்கப். யுத்தம் முடிந்து ஏலத்தில் போய், நாலு கை மாறி, நகரிக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் ஊர் வண்டி என்பதால் ஸ்டீயரிங் இடது பக்கம். நம்மூரில் எல்லா வண்டிக்கும் வலது பக்கம்.

நைனா அதில் வாழையிலையும் காய்கறியும் ஏற்றிப் புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போவார். திரும்பும்போது புத்தலப்பட்டு பக்கம் வெல்லம் ஏற்றிச் சித்தூர் மண்டியில் இறக்குவார். ஒரே ஒரு கஷ்டம். இடது ஓரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். கிளீனராக வந்தவர்கள் தூங்கி வழிந்தார்கள். இரண்டு தடவை நூலிழையில் தப்பிய பிறகு எங்கள் அம்மா சம்பூரணம், நான் வர்றேன் என்று வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு ஏறி வலது பக்கம் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அந்த வேன் ஓடியது இரண்டு பேரால். அம்மா ஜன்னலில் தலையை நீட்டிச் சொல்லிக்கொண்டே வருவாள்.

"இருங்க, எதிர்ல பஸ்ஸு வந்துக்கினு கீது… இன்னும் இருங்க… ஒரு கட்டை வண்டி… ஆங், தாராளமா போங்க!"

அந்த 'தாராளமா போங்க' வந்த பிறகுதான் நைனா கியர் மாற்றுவார். திரும்பிப் பார்க்க மாட்டார், யோசிக்க மாட்டார். அவ்வளவு நம்பிக்கை.

இதில் ஒரு வேடிக்கை. டிரைவர் உட்கார வேண்டிய பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வழி நெடுக உள்ள ஜனங்கள் அவள்தான் வேன் ஓட்டுகிறாள் என்று நம்பிவிட்டார்கள். புத்தலப்பட்டில் பெண்கள் ரோட்டோரத்துக்கு ஓடிவந்து நிற்பார்கள். அம்மா மறுக்கவும் மாட்டாள், ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் பார்ப்பாள். லீவு நாட்களில் நடுவில் உட்கார்ந்து போகிற எனக்குப் பெருமை தாங்காது.

பிறகு எல்லைத் தகராறு முடிந்த வருஷம் வந்தது. மதராஸோடு இருந்தோம், ஆந்திர ராஜ்ஜியம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு அந்தப் பக்கம் போனோம். அப்புறம் ஏழெட்டு வருஷம் இது யாருக்கு அது யாருக்கு என்று இழுபறி. கடைசியில் திருத்தணி மதராஸுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு, நகரியும் புத்தூரும் இருந்த இடத்திலேயே என்று முடிந்தது. வீட்டில் தமிழ், மண்டியில் தெலுங்கு, எங்களுக்கு அது எப்போதும் உள்ளதுதான். தெருவில் பெரியவர்கள் கவலையாகப் பேசிக்கொண்டிருந்தபோது நைனா சொன்னார்: "எல்லைக் கோட்டை எங்க வேணா போட்டுக்கட்டும். ரோட்டை யாரும் நவுத்த முடியாது. நம்ம வண்டி ரெண்டு பக்கமும் போய்க்கினேதான் இருக்கும்."

சொல்லி வாய் மூடவில்லை, வேனுக்குத் தகுதிச் சான்று கிடைக்கவில்லை. சித்தூரில் வண்டிகளைச் சோதிப்பவரை பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். அவர் ஹெட்லைட் எதிர்வண்டிக்காரன் கண்ணில் அடிக்கிறது, சரிசெய்து கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார். புத்தூர் ரோட்டு வண்டிக்காரர்களும் அதையேதான் ரொம்ப நாளாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "யோவ், எங்க மாடு கண்ணு குருடாயிடப் போவுது!" நைனாவும் பல்புதான் காரணம் என்று நினைத்தார். ஆனால் அது பல்பு தனியாகக் கழற்ற முடியாத விளக்கு. கண்ணாடியும் பல்பும் ஒன்றாக ஒட்டிச் செய்தது. சித்தூர், வேலூர், பலமனேர் எங்கும் அதற்கு ஜோடி இல்லை.

வேன் வாசலில் நின்றது. காய்கறி மாட்டு வண்டியில் போய் வாடியது. அம்மாதான் சொன்னாள், வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்று முதலில் பார்ப்போம் என்று.

பொழுது சாய்கிற நேரத்தில் ரைஸ் மில் வெள்ளைச் சுவருக்கு நேராக வேனை நிறுத்தினார்கள். நைனா லைட்டைப் போட்டார். அம்மா வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை விரலில் எடுத்து, வெளிச்சத்தின் ஓரம் போன வழியெல்லாம் சுவரில் கோடு இழுத்தாள். வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பு என்று நான் சிரித்தேன். அம்மா என்னை முறைத்துவிட்டு அடுப்புக்கரி எடுத்துவரச் சொன்னாள். கரிக்கோடு போட்டபோது தெரிந்தது. வெளிச்சத்தின் கனமெல்லாம் வலது பக்கமாகச் சாய்ந்திருந்தது. எதிரே வருகிறவன் வருகிற பக்கம்.

"இது அவனுங்க ரோட்டுக்கு செஞ்ச லைட்டும்மே" என்றார் நைனா. "அவன் வலப்பக்கமா போறவன். அவனுக்கு ஓரம் அந்தப் பக்கம். நம்ம ஊர்ல அது எதிராளி பக்கம்."

மறுநாளே பட்டணத்துக்கு, அதாவது மதராஸுக்கு, ரயிலேறினார். பழைய இங்கிலீஷ் கார் ஒன்றின் விளக்குகளை வாங்கிவந்தார். இங்கிலீஷ்காரனும் நம்மை மாதிரி இடது பக்கம் போகிறவன்தானே. அளவு கொஞ்சம் சிறிசு. சித்தூரில் தகரத்தில் வளையம் அடித்துப் பொருத்தினார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, வலது ஜன்னலில் நின்று அம்மாவிடம் கேட்டார்: "டிரைவர் எவரம்மா?"

"நேனே" என்றாள் அம்மா. நான்தான் என்று.

அவர் குனிந்து பார்த்தார். ஸ்டீயரிங் அந்தப் பக்கம். நைனா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிரேக் இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

என் ஜப்பான் வண்டியை ஏன் வாங்கினேன் என்று இப்போது சொல்லிவிடலாம். ஷெட்டில் கதவைத் திறந்து பார்த்தேன். வலது பக்கம், அம்மா உட்கார்ந்து வந்த பக்கம். அங்கே ஸ்டீயரிங் இருந்தது.

4

இவ்வளவும் தெரிந்தவளுக்கு, தம்பியிடம் லைட் கேட்டபோது புத்தி எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் வெளிநாட்டில் இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஊரிலிருந்து சூட்கேஸில் வருகிற சாமானைத் தப்பாக இருக்கும் என்று யார் சந்தேகப்படுவார்கள்? கடைப் பையனைச் சந்தேகப்பட்டேன், பல்பைச் சந்தேகப்பட்டேன், கண்ணைச் சந்தேகப்பட்டேன், என் மூளையைக்கூடச் சந்தேகப்பட்டேன். சித்தூரை மட்டும் சந்தேகப்படவில்லை.

ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பி, கராஜ் கதவுக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். லைட்டை அணைக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். முரளி ஒருவனிடம் வண்டிக்கு விலை பேசிவிட்டான் என்று அன்று காலையில்தான் தெரிந்தது. கராஜ் கதவு வெள்ளை. அதில் வெளிச்சம் விழுந்திருந்தது. வலது பக்கம் தரை மட்டமாக, கோடு போட்ட மாதிரி. நடுவிலிருந்து இடது பக்கம் திருப்பதி அலிபிரியில் மலை ஏறுகிற மாதிரி மேலே ஏறிக்கொண்டே போயிற்று.

இறங்கி ஓடிப்போய் கதவைத் தொட்டுப் பார்த்தேன். தினமும் இதே கதவுக்கு எதிரேதான் நிறுத்துகிறேன். ஒரு நாளும் பார்க்கவில்லை.

நம்மூர் லைட். நம்மூரில் இடது பக்கம் ரோட்டு ஓரம். ஓரத்தில் நடந்து போகிறவன், நிறுத்தி வைத்த சைக்கிள், படுத்துக் கிடக்கிற மாடு எல்லாம் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தை இடது பக்கம் தூக்கி விடுகிற மாதிரி கண்ணாடியில் வரிவரியாக வார்த்திருப்பார்கள். இங்கே இடது பக்கம் எதிர்க்கார் வருகிற பக்கம். அதற்குள் எந்தப் பல்பைப் போட்டால் என்ன? கல்லடி பட்ட பழைய ஜோடி, வண்டியை விற்றவன் இந்த ஊர் ரோட்டுக்கென்று மாற்றி மாட்டியது, அதனால்தான் அதுவரை யாரும் அடிக்கவில்லை.

போனை எடுத்து முரளியைக் கூப்பிட்டேன். "உடனே கிளம்பி வா."

"என்னாச்சும்மா? விழுந்துட்டியா?"

"விழலடா. நிமிர்ந்து நிக்கிறேன். வா."

அவன் பதறியடித்து வந்தபோது நான் வண்டியை நகர்த்தாமல் நின்றுகொண்டிருந்தேன். அவனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, நீலப் புள்ளி எரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். நன்றாகப் பார்த்துச் சொல், எனக்குத்தான் வயசாயிற்று, உனக்கு இல்லையே என்றேன். இல்லைம்மா, லோ பீம்தான் என்றான். பிறகு நான் கதவருகே போய், வெளிச்சத்தின் ஓரத்தில் நீல நிற டேப்பை ஒட்டிக்கொண்டே போனேன். முரளி இறங்கி வந்தான். கதவைப் பார்த்தான். எதிர்க்கார் வருகிற பக்கத்தில், கார் சீட்டில் உட்கார்ந்தவன் உயரத்துக்குக் குனிந்து நின்று, தன் கண் உயரத்தை அளந்தான். ஏறிப்போன டேப் சரியாக அவன் புருவத்தில் நின்றது.

டேப்பின் நுனியை விரலால் அழுத்தி ஒட்டினான்.

"ஸாரிம்மா" என்றான். அப்புறம், "நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

உள்ளே கூட்டிப்போய், சாதம் போட்டு, நைனாவின் வேன் கதையைச் சொன்னேன். அம்மா கண்ணாக உட்கார்ந்து வந்ததை, சுண்ணாம்பை, 'நேனே'வை எல்லாம் சொன்னேன். நாற்பது வருஷத்தில் அவனுக்கு அதைச் சொன்னதே இல்லை. கேட்டதும் இல்லை. அன்றைக்கு அவன் தட்டில் கை காய்ந்துபோகிற வரை கேட்டான். வண்டிக்கு விலை பேசியவனுக்கு என் எதிரிலேயே போன் போட்டு, விற்பதற்கில்லை என்றான்.

முனிரத்தினத்துக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நல்ல லைட்டுக்கா அது! கடைக்காரன் காரண்டி குடுத்துக்கீறான்!"

"நல்ல லைட்டுதாண்டா. நான் இருக்கிற ரோடுதான் வேற."

கொஞ்சம் யோசித்தான். "அப்ப நைனா வேன் தலைகீழா வந்துட்ச்சுன்னு சொல்லு" என்றான். என் தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை என்று யார் சொன்னது?

5

பக்கத்துப் பழத்தோட்டத்துக் குர்தீப், பஞ்சாபி. பழைய டிராக்டர் இரண்டும் லாரி ஒன்றும் வைத்திருக்கிறார். அவர் ஷெட்டில் இந்த நாட்டு லாரியிலிருந்து கழற்றிய ஏழு அங்குல வட்ட விளக்கு ஜோடியாகக் கிடந்தது. வாங்கி வந்து மாட்டினோம். பல்பு அதே பல்புதான், கண்ணாடிதான் வேறு. கராஜ் கதவில் போட்டுப் பார்த்தால் இடது பக்கம் மட்டமாக, வலது பக்கம் ஏறி விழுந்தது. சோதனை நிலையத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். கண் டாக்டரிடமும் போனேன், ஏன் விட வேண்டும்? வண்டி ஓட்ட மூக்குக்கண்ணாடியே வேண்டாம் என்றார். அந்த இரண்டு காகிதத்தையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், முரளி வந்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

சித்தூர் லைட் இரண்டையும் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஊருக்குப் போன ஒரு தெரிந்த குடும்பத்தின் பெட்டியில், அதே வேட்டியில் சுற்றித் திருப்பி அனுப்பினேன். இப்போது முனிரத்தினத்தின் பழைய ஜீப்பில் அது நகரிக்கும் புத்தூருக்கும் எரிந்துகொண்டிருக்கிறது. யாரும் திட்டவில்லையாம்.

சோதனை முடிந்த வாரம் கோயிலுக்குக் கீரை கொண்டுபோக வேண்டியிருந்தது. நானும் வர்றேன் என்றான் முரளி. பரங்கிக்காயைப் பின்னால் வைத்துவிட்டு இடது பக்கம் அவனை உட்காரவைத்தேன். பெல்ட் போட்டுக்கொண்டான். இருட்டிக்கொண்டு வந்தது. எதிரே கார்கள் வந்தன, போயின. ஒருவர்கூட விளக்கு அடிக்கவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அது கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது. எதிரே வந்த குர்தீப் மட்டும் கையைத் தூக்கினார், இடது பக்கம் இருந்த முரளியைப் பார்த்து. அவன்தான் ஓட்டுகிறான் என்று நினைத்திருப்பார். முரளி மறுக்காமல் கையைத் தூக்கினான். பாட்டி புத்தி.

பாலம் தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் டிராக்டர், நத்தை வேகத்தில். எனக்கு டிராக்டரின் முதுகும் வைக்கோலும்தான் தெரிந்தன. இந்த வண்டியில் நான் யாரையும் முந்தியதே இல்லை. வலது ஓரத்தில் உட்கார்ந்தவளுக்கு எதிரே வருவது தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. பரங்கிக்காய் சொல்லுமா? வழக்கம்போல வேகத்தைக் குறைத்துப் பின்னாலேயே போனேன்.

முரளி ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. தலையை வெளியே நீட்டினான்.

"வெயிட்… ஒரு கார் வருது" என்றான். கார் போயிற்று. "இரும்மா… இன்னொண்ணு."

அதுவும் போயிற்று. அவன் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தான். பிறகு, நாக்கில் கொஞ்சம் தடுக்கினாலும், சத்தமாகச் சொன்னான்:

"ஆங், தாராளமா போம்மா!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை. கியரை மாற்றி, முந்திக்கொண்டு போனேன்.